குருவி ஓட்டிய சிடி

தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட சங்கச் செயலாளர் ஐயா அவர்களே, குறுவை நடவை விட்டுவிட்டு வந்திருக்கும் திருவையாறு வட்டாரப் பெரியோர்களே, தாய்மார்களே! பொன்னாடை போர்த்தியவருக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில், போர்த்தாமல் விட்டவருக்கு இன்னும் பெரிய நன்றி.

விளையும் பயிர் முளையிலே தெரியும். புற்றுநோய்க்குத் தரும் இம்யூனோதெரபி பலிக்குமா என்பதையும் முதல் ஸ்கேன்களிலேயே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். மருந்து, படம், விலை என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

மருந்து. உடம்பின் காவல்காரனான டி செல்லுக்குப் புற்று பிரேக் போட்டுவைக்கும். இந்த மருந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடும். இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் எல்லாருக்கும் பலிப்பதில்லை.

படம். காவல் செல்கள் கட்டிக்குள் திரளாகப் புகுந்தால் கட்டி பெரிதானதுபோலத் தெரியும். நட்ட பயிர் வெளுத்துக் கிடந்து அப்புறம்தானே பச்சை பிடிக்கிறது? அதனால், இந்த மருந்து ஏறுகிறவர்களின் ஸ்கேனைக் கணிக்க 2017இல் வந்த ஐரெசிஸ்ட் விதி, நோயாளி தெம்பாக இருந்தால் 4 முதல் 8 வாரத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், பெரும்பாலும் வளர்ந்தது வளர்ந்ததுதான்.

சரி, ஒப்பிடப் பழைய படம் வேண்டுமே! என் பெரியப்பாவுக்கு நுரையீரலில் கட்டி. மூன்று மாதம் மருந்து ஏறியபின் டாக்டர், "முதலில் எடுத்த ஸ்கேன் படம் இருக்கிற சிடி தட்டு எங்கே?" என்றார். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மோட்டுவளையைப் பார்த்தார். வீட்டுக்குப் போன் போட்டால் பேரன் சொல்கிறான்: "அது வயல்ல குருவி ஓட்டுது தாத்தா!" பெரியப்பாதான் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், வெயிலில் நன்றாக மின்னுகிறதாம். பையன் சேற்றில் இறங்கி அவிழ்த்துக்கொண்டு வந்தான். வேட்டியால் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டோம். கிர்ரென்று சுற்றியதே தவிர ஒன்றும் வரவில்லை. ரிப்போர்ட்டிலோ கட்டியின் அளவே இல்லை. எடுத்த இடத்தில் கேட்டால், "பழசை அழிச்சிட்டோம்" என்றார்கள். குருவியாவது ஓடியதா என்றால் அதுவும் இல்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும்தான், முளையைப் படம் பிடித்து வைத்திருந்தால்! இரண்டு வருஷமாக நான் கத்துவது இதைத்தான்: ஸ்கேன் எடுத்தவர்கள் நோயாளி கேட்காமலே படத்தையும் கொடுக்க வேண்டும், தாங்களும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். பெரியப்பாக்களே, நீங்களும் அதை நகைப் பெட்டியில் வையுங்கள்.

விலையைப் பற்றி... செயலாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில், ஸ்கேன் படத்தைக் கொடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.