தினமும் ஓட்டுற வண்டி, ட்ராக்குக்கும் அதே வண்டி: சஸ்பென்ஷனை எப்படி வைக்கணும்?

அடுத்த கேள்வி, தக்கலையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாசிக்கேன். "அண்ணே, 2018 மாடல் ஸ்விஃப்ட் வச்சிருக்கேன். தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்ட்டு வருவேன். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ட்ராக் டே ஓட்டணும்னு ஆசை. 40 மில்லிமீட்டர் இறக்குற லோயரிங் ஸ்பிரிங் போட்டா ரெண்டுக்கும் சரியா வருமா, இல்ல நேரா காயில்ஓவருக்குப் போயிரவா?"

காயில்ஓவர்னா மரையைத் திருகி உயரத்தை மாத்திக்கிடுற ஸ்பிரிங், ஷாக் செட்டு. தம்பி, வண்டியோட உயரத்தை இப்போ தொடாதீங்க. ட்ராக்குக்கு வேண்டியதை அலைன்மென்ட்ல, டயர் காத்துல, நல்ல ஷாக்ல எடுத்துக்கிடலாம். ஏன்னு சொல்லுதேன்.

அந்த ஸ்விஃப்டுக்கு கம்பெனி சொல்லுற கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். 40 போனா 123. வீட்டுல நாலு பேரு ஏறி, டிக்கியில ரெண்டு சக்கைப்பழத்தையும் போட்டா இன்னும் இறங்கும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி வேகத்தடைன்னா 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், நல்ல வளைவா இருக்கணும். ஸ்விஃப்ட் வீல்பேஸ் 2.45 மீட்டர்தான். அதனால முறையா போட்ட தடையில முன் டயரும் பின் டயரும் ஒண்ணா மேல நிக்கும். நடு வயித்துக்கு நாலரை சென்டிமீட்டர் இடம் இருந்தா தட்டாமப் போயிரும். நம்ம ஊருக்குள்ள அப்படியா போட்டு வச்சிருக்கு? ஒரு முழ அகலத்துல சுவர் கட்டின மாதிரி நிக்கும். அதுல முழு உயரத்தையும் வயிறுதான் தாண்டணும்.

அது கண்ணுக்குத் தெரியுற விஷயம். உள்ள நடக்குறதுதான் பெரிய விஷயம். இந்தா, என் கையில இருக்கு பாருங்க, மஞ்சளா ஒரு நுரை ரப்பர். இதுதான் பம்ப் ஸ்டாப். ஷாக்கோட ராடுல மாட்டி இருக்கும். வீல் ரொம்ப மேல ஏறும்போது கடைசியா இதுல வந்து இடிக்கும். இது இறக்கின வண்டியில இருந்து கழட்டினது. நுனியைப் பாருங்க, பொடிஞ்சு உதிருது. விரலால தேய்ச்சாலே தூளா வருது. ஏன்னா கம்பெனி ஷாக்ல வீல் ஏறுறதுக்கு இருக்குற இடமே கொஞ்சம், அதுல பெரும்பங்கை அந்த 40 மில்லிமீட்டர் தின்னுட்டு. அதுக்கப்புறம் ஒவ்வொரு குழியிலயும் வண்டி ஸ்பிரிங்ல நிக்கல, இந்த ரப்பர்லதான் நிக்குது.

ட்ராக்ல இது இன்னும் மோசம். வளைவுல வெளிப்பக்க முன் ஷாக் அமுங்கி ரப்பர்ல இடிச்சவுடனே அந்த மூலை திடீர்னு கல்லாயிரும். டயர் பிடிப்பை விட்டுரும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேரா போகும். பின்பக்கம் இடிச்சா வால் வெளிய வரும். வண்டி அவ்வளவு நேரம் ஒழுங்கா போய்ட்டு ஒரு நொடியில மாறிரும், அதுதான் ஆபத்து.

இன்னொண்ணு. முன்னால மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த தூண். கீழ ஒரு லோயர் ஆர்ம் இருக்கு இல்லியா, அது வீல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கணும். வண்டியை ரொம்ப இறக்கினா அது மட்டமாகி, பிறகு வீல் பக்கம் மேல தூக்கிரும். அப்போ வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ, அந்த ரோல் சென்டர், பாடி இறங்கினதை விட வேகமா கீழ போயிரும். பாடி எடைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி கூடுது, வண்டியைச் சாய்க்குற விசையும் கூடுது. சாயாம இருக்கணும்னு இறக்குவான், அது இன்னும் அதிகமா சாயப் பாக்கும். போதாக்குறைக்கு, வீல் ஏறும்போது கிடைக்குற கேம்பரும், அதாவது டயரோட மேல்பக்கம் உள்ள சாயுற சாய்வும், போயிரும்.

சரி, அப்போ என்னதான் செய்யணும்? மொதல்ல இருக்குறது முழுசா இருக்கான்னு பாக்கணும். லோயர் ஆர்ம் புஷ் (மூட்டுல இருக்குற ரப்பர்), லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட். தக்கலை, நாகர்கோவில் ரோட்டுல தினம் ஓடுற வண்டிக்கு புஷ் கிழியாம இருந்தா அதிசயம்தான். புஷ் ஆடுற வண்டிக்கு எந்த அலைன்மென்ட்டும் நிக்காது.

ஷாக் ஒழுகினா, காஞ்சிருந்தா, கம்பெனி உயரத்துக்கே கொஞ்சம் கடினமான ஷாக் கிடைக்கும், அதைப் போடுங்க. ரீபவுண்டை, அதாவது அமுங்கின ஷாக் திரும்ப நீளுறதை, மட்டும் ரொம்ப இறுக்க வேண்டாம். அமுங்கின வீல் திரும்பிக் கீழ இறங்குறதுக்குள்ள அடுத்த குழி வந்துரும். குழி மேல குழியா வரும்போது வண்டி கொஞ்சம் கொஞ்சமா அமுங்கி, கடைசியில திரும்ப அந்த ரப்பர்லதான் போய் உக்காரும். குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற பாதை, மழை, ரோட்டுல ரப்பர் மரத்து இலை விழுந்து கிடக்கும், அங்க கடினமான வண்டி வழுக்கும். டயர் ரோட்டை விடாம இருக்கணும், அதுக்குத்தான் சஸ்பென்ஷன்.

இப்போ அலைன்மென்ட். ட்ராக்ல ஓட்டினா முன் டயரோட வெளி ஓரம் உருகி உருண்டு போகும், ஏன்னா கம்பெனி கேம்பர் ஏறக்குறைய ஜீரோவுலதான் இருக்கு. ஸ்ட்ரட்டையும் வீலைத் தாங்குற நக்கிளையும் சேர்க்குற இடத்துல கேம்பர் போல்ட் மாட்டினா ஒரு டிகிரி, ஒண்ணரை டிகிரி கிடைக்கும். மைனஸ் ஒண்ணரை, அதாவது மேல்பக்கம் உள்ள சாயுற மாதிரி ஒண்ணரை டிகிரி, போதும் உங்களுக்கு. டயர் தின்னுருமேன்னு பயப்படுவீங்க. டயரைத் தின்னுறது கேம்பரை விட டோ, அதாவது மேல இருந்து பாத்தா வீலோட முன்பக்கம் உள்ள திரும்பி இருக்கா, வெளிய திரும்பி இருக்காங்கிற கோணம். கேம்பரை மாத்தினா டோவும் மாறும், அதைத் திரும்ப ஜீரோவுக்குக் கொண்டு வராம பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீங்க. சந்தேகம்னா டயர் மேல உள்ளங்கையை வச்சு உள்ள இருந்து வெளிய தடவுங்க, பிறகு வெளிய இருந்து உள்ள தடவுங்க. ஒரு பக்கம் வழுவழுன்னு, மறுபக்கம் ரம்பம் மாதிரி கையில பிடிச்சா டோ சரியில்லைன்னு அர்த்தம்.

ட்ராக் ஓட்டுறவங்க மூக்கு சட்டுனு திரும்பணும்னு முன்னால கொஞ்சம் டோ அவுட், அதாவது வீல் வெளிய திரும்பின மாதிரி, வைப்பாங்க. நீங்க வைக்காதீங்க. கோயம்புத்தூருக்கு ஆரல்வாய்மொழி வழியாத்தானே போகணும்? முப்பந்தல்ல ஆடி மாசக் காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது டோ அவுட் வச்ச வண்டி லேன்ல நிக்காது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கிட்டே இருக்கணும்.

பின்னால டார்ஷன் பீம், ரெண்டு பக்கத்தையும் சேர்க்குற குறுக்குத் தண்டு, அதுல திருகுறதுக்கு ஒண்ணும் கிடையாது. மூக்கு நேரா போகுதுன்னா பின் டயர்ல ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்க, வால் லேசாகும். மழை பெய்ஞ்சா உடனே பழையபடி ஆக்கிருங்க.

காயில்ஓவர் கெட்டதுன்னு சொல்ல வரல. டிரெய்லர்ல வண்டியை ஏத்திட்டுப் போறவங்களுக்கு அது வேற கணக்கு. குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம்னா உப்புக்காத்துல அந்த மரை துருப்பிடிச்சு, உயரம் மாத்துற காலர் அசையாது. கழுவி, கிரீஸ் போட்டுப் பாக்க ஆளு வேணும்.

பிரேக் ஆயிலை மாத்திட்டுப் போங்க. இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவை வாசிங்க, ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங் இதுக்கெல்லாம் சாதாரண கார் பாலிசியில கவர் கிடையாது.

ட்ராக்ல காத்து விஷயம். காலையில 32 வச்சு இறங்கினா நாலஞ்சு ரவுண்டுல முன் டயர் 38ஐத் தாண்டும். உள்ள வந்த உடனே, சூடா இருக்கும்போதே, 35 பக்கம் இறக்கிருங்க. நிறைய பேரு மறக்குறது இதுதான்: சாயந்தரம் அப்படியே ஊருக்குக் கிளம்பிருவாங்க. டயர் ஆறினா அது 30க்கும் கீழ போயிரும். ஊருக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அந்தக் காத்தோட, நாலு பேரை ஏத்திக்கிட்டு, ராத்திரி நாலுவழிச் சாலையில ஓட்டவே கூடாது. டயர் ஆறினப்புறம் பம்புல நிறுத்தி அடிச்சுட்டு வாங்க.

இன்னொருத்தர் கேட்டிருக்காரு, காசு கம்மி, இருக்குற ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டிரலாமான்னு. வெட்டாதீங்க. வீல் முழுசா தொங்கும்போது ஸ்பிரிங் அதோட இருக்கையை விட்டு நழுவிரும். அடுத்த கேள்வி பாப்போம்.