நாரைக்கு மூக்கு என்ன நிறம்?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். சிறுவருக்கு இன்று அதிகம் எழுத வேண்டியது கதையா, தகவல் நூலா என்பது தலைப்பு. கதை அம்மா ஊட்டும் சோறு, தகவல் டாக்டர் தரும் மாத்திரை என்றார். தகவல் வேண்டுமென்றால் செல்போனில் தேடிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

சரி, தேடிப் பார்ப்போம். என் தங்கை மகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு, "மாமா, இத ஏன் வெள்ளம் அடிச்சிட்டுப் போகல?" என்று கேட்டாள். செல்போன் நடை திறக்கும் நேரத்தைச் சொன்னது. முருகன் காப்பாற்றினார் என்று எதிரணி அழகாக ஒரு கதை சொல்லும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவள் கேட்டது அது இல்லையே!

வெள்ளம் வந்து மோதும் பக்கம் படகின் முனை போல் கட்டியிருப்பதால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகிறது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். இதைப் பெரியவர்களுக்கு எழுத அரைமணி நேரம் போதும். ஒன்பது வயதுக்கு எழுதுவதுதான் பாடு. ஒரு பலகையை வாய்க்கால் தண்ணீருக்கு நேராகப் பிடி, அப்புறம் சாய்த்துப் பிடி, எப்போது கை வலிக்கிறது என்று பார் என்று அவளையே இறக்கிவிட வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. பிள்ளைக்கு அது வெறும் எண். எங்கும் ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் உன் நெஞ்சு வரைக்கும் என்று எழுதுங்கள், எழுந்து நின்று அளந்து பார்ப்பாள். இதுவா அண்ணாச்சி மாத்திரை?

தகவலுக்கு ரசனை வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 10 தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். கீர்த்தனை எழுதிய கவிஞர். தமிழில் அறிவியலைச் சுவையாக எழுதிய பெ.நா. அப்புசாமி நம்ம பெருங்குளத்துக்காரர், படித்தது சட்டம்.

என் கதையையும் கேளுங்கள். கூந்தன்குளம் பறவைகளைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டேன். பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்து அச்சடிக்கும் தாள், அச்சகத்தில் அதைப் பாரம் என்பார்கள், அப்படி இரண்டு பாரம். 33-வது பக்கத்துக்கு வழியில்லாததால் ஆசையாக எழுதியதில் பாதியை வெட்டினேன். புரூஃப் மூன்று தடவை பார்த்தேன், எழுத்தை மட்டும். அட்டையில் மஞ்சள் மூக்கு நாரைக்குச் சிவப்பு மூக்கு! கண்டுபிடித்தது அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி. "எங்க வேப்பமரத்துல இருக்கதுக்கு மஞ்ச மூக்குல்லா?" என்றாள். ஆயிரம் அட்டை, கைக்காசு. கதையில் நாரை பேசலாம், பாடலாம், பச்சை மூக்கோடு பள்ளிக்கூடம்கூடப் போகலாம். என் புத்தகத்தில் முடியாது. தன் மரத்தோடு ஒப்பிட்டுப் புத்தகத்தையே திருத்துகிற பிள்ளையை உண்டாக்கும் நூலுக்குத்தான் நான் ஓட்டுக் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன். அந்த அட்டைகள் இன்னும் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன, அண்ணாச்சிக்கு வேண்டுமென்றால் கதைப் புத்தகத்துக்குத் தருகிறேன்.