பால் கேனுக்குள் ஓடும் கணக்கு

வணக்கம் மக்களே. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டி வாசலில் நின்று பேசுகிறேன். சாயங்காலப் பால் வர ஆரம்பித்துவிட்டது. பால் ஏன் கெடுகிறது என்று கேட்டால் "கேன் சுத்தமில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம் நேரம்.

ஒரு பாக்டீரியா இரண்டாகும், இரண்டு நாலாகும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு நல்ல ஆகாரமும் 37 டிகிரிச் சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். அதே வேகம் நீடித்தால் ஒன்றே ஒன்று 10 மணி நேரத்தில் 107 கோடி! கறந்த பாலும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. புது இடத்துக்குப் பழக முதலில் கொஞ்ச நேரம் எடுக்கும், அப்புறம் இந்த ஓட்டம்தான்.

சரி, ஒருத்தர் கேனில் கிருமி ஆயிரம் மடங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மடங்கு என்பது பத்து இரட்டிப்புதான், அதாவது 200 நிமிடம். நன்றாகக் கழுவிய கேனையும் மூணு, மூணரை மணி நேரம் சூட்டோடு விட்டால் அந்த அழுக்குக் கேனின் நிலைக்கு வந்துவிடும். கழுவுவது அவசியம்தான், ஆனால் உடனே 4 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் அந்தச் சுத்தம் வீணாகாது.

இப்படியே பெருகினால் எங்கே போய் நிற்கும்? ஆகாரம் தீர்ந்தால் நிற்கும். எவ்வளவு சர்க்கரை கொடுக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் பெருகும் என்று 1942-இல் பாரிஸில் ஜாக் மொனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அளந்து காட்டினார். ஆனால் தயிரைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தயிர் உறைந்த பிறகும் பால் சர்க்கரையில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருக்கும். ஆகாரம் இருந்தும் வளர்ச்சி நிற்கிறது. காரணம், தயிர் பாக்டீரியாக்கள் வெளியேற்றும் லாக்டிக் அமிலம். பாலின் பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.6-இலிருந்து 4.6 பக்கம் இறங்கும்போது பால் கட்டியாகிறது. இன்னும் புளித்தால் உறை ஊற்றிய பாக்டீரியாவே தாங்காது.

குளிர வைத்தாலும் நாள் கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகைகள் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். காய்ச்சினால் அவை செத்துவிடும், ஆனால் கொழுப்பை உடைக்க அவை விட்ட என்சைம்களில் சில காய்ச்சினாலும் அழியாது. அதனால்தான் பழைய பாலை எவ்வளவு காய்ச்சினாலும் கொழுப்பு உடைவதால் வரும் காறல் வாடை போவதில்லை.