மாத்திரையால் முடி கொட்டுமா? சத்து மாத்திரையாலுமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதையே வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சகோதரி எழுதியதை வாசிக்கிறேன்: "டாக்டர், எனக்கு வயது 36. மூன்று வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒற்றைத் தலைவலிக்குப் புரோப்ரனலால் என்ற மாத்திரையை ஆரம்பித்தார்கள். இப்போது இரண்டு மாதமாக முடி கொத்துக் கொத்தாக வருகிறது. எல்லாம் மாத்திரைச் சூடு, நிறுத்து என்கிறார் மாமியார். முடி வளர நானே பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரையை 10,000 மைக்ரோகிராம் அளவில் வாங்கிப் போடுகிறேன். கூடவே ஒரு மல்டிவிட்டமின். மாத்திரையால் முடி கொட்டுமா? எதை நிறுத்துவது?"

கொட்டும், சகோதரி. சில மருந்துகளால் முடி கொட்டுவது உண்மை. மாமியார் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் எதையும் நாளைக் காலையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாகப் புரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடப்பு வரும், ரத்த அழுத்தம் எகிறும். இதய நோய் இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் எழுதிக் கொடுத்த டாக்டர்தான் செய்ய வேண்டும்.

சரி, மருந்து எப்படி முடியைக் கொட்ட வைக்கிறது? நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும். அப்புறம் வளர்ச்சி நின்று, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்தில் பார்த்தாலும் நூறில் 85, 90 முடி வளரும் கட்டத்தில் இருக்கும், மீதிதான் ஓய்வில். அதனால் தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பவர்களுக்குப் பல நாள் முடி சேர்ந்து அன்றைக்கு ஒரே அடியாக வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு மருந்தோ, கடும் காய்ச்சலோ, பிரசவமோ, பட்டினியோ உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரிய பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. உடனே உதிராது. இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிரும். 1961இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்து விவரித்தார். இப்படி உதிரும் முடியின் அடியில் வெள்ளையாகச் சிறு குண்டு மாதிரி ஒன்று இருக்கும். 'வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது டாக்டர்' என்று அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வருகிறார்கள். வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முடி அங்கிருந்தே முளைக்கும்.

ஆகவே இன்று முடி கொட்டுகிறது என்றால் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியது மூன்று மாதத்துக்கு முந்தைய காலண்டரை. நேற்று மாற்றிய ஷாம்புவையும், போன வாரம் குளித்த உப்புத் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். மருந்தைக் குற்றம் சொல்வதில் பெரும்பாலான தவறு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மாத்திரை சாப்பிட்டு, குணமாகி வீட்டுக்கு வருகிறார்கள். தை, மாசியில் முடி கொட்டுகிறது. பழி அந்த மாத்திரைகள் மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் காய்ச்சல்தான். டைஃபாய்டு, சிக்குன்குனியா, கொரோனா எல்லாவற்றிலும் இதே கதை.

புற்றுநோய்க்கான கீமோதெரபி மட்டும் வேறு வழியில் வேலை செய்கிறது. டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. முடியின் வேர்ச் செல்களும் அப்படிப்பட்டவைதான், அதனால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியே ஒடிந்து விழும். மூன்று மாதமெல்லாம் காத்திருக்காது, இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வளர்ந்துவிடும். மருந்து ஏறும் நேரத்தில் தலைக்குக் குளிர்த் தொப்பி போட்டுக் கொட்டுவதைக் குறைக்கும் வசதியும் சில மருத்துவமனைகளில் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

மற்ற மருந்துகளில் எவை? வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் முக்கியமானது. டோஸ் கூடக் கூடக் கொட்டுவதும் கூடும். திரும்ப வளரும்போது சிலருக்குச் சுருட்டையாக வளர்வதும் உண்டு. மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், ஹெப்பாரின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளூனமைடு, தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கான கார்பிமசோல், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின். இந்தச் சகோதரி சாப்பிடும் புரோப்ரனலாலும், அதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரலாலும் இந்தப் பட்டியலில் உண்டு. சாப்பிடுகிற எல்லாருக்கும் கொட்டும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வால்ப்ரோயேட்டை நிறுத்தி வலிப்பு வருவதும், வார்ஃபரினை நிறுத்திப் பக்கவாதம் வருவதும் முடி கொட்டுவதைவிட எத்தனையோ மடங்கு மோசம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மாற்று மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். முடிப் பிரச்சினையைச் சின்ன விஷயமாக நினைத்துச் சொல்லாமல் விட்டு, ரகசியமாக மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டலாம். அது வந்து போகிற உதிர்வு. ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போனால் அது பிசிஓடியால் வருவதாகவோ, பரம்பரை வாகாகவோ இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை ஆரம்பித்தவர்களுக்கும் முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி வருகிறது. அந்த நேரத்தில் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் இப்போது நிறையக் கேள்வி வருகிறது. செமாகுளூட்டைடு மருந்தை எடை குறைப்புக்குக் கொடுத்துச் சோதித்தபோது, போட்டவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு முடி கொட்டியது, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 1 சதவீதம் பேருக்கு. பெரும்பாலும் எடை சட்டென்று இறங்குவதாலும் சாப்பாடு குறைவதாலும் வருவது இது. ஊசியே போடாமல் கடும் டயட் இருந்து மாதம் ஏழெட்டு கிலோ குறைத்தவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

இப்போது சத்து மாத்திரைக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் பேச நினைத்தேன். டாக்டர் எழுதிய மாத்திரையைச் சந்தேகப்படுகிறோம். நாமே ஆன்லைனில் வாங்கிய டப்பாவைச் சந்தேகப்படுவதே இல்லை. முடிக்காக வாங்கியது முடியைக் கொட்ட வைக்குமா என்ற எண்ணம்தான் காரணம். வைக்கும்.

செலினியம் என்ற தாது நமக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் தேவை. அமெரிக்கப் பரிந்துரை ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம். 400க்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில், லேபிளில் போட்டிருந்ததைப்போல 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு முடி கொட்டியது, நகமும் நிறம் மாறி உடைந்தது. நம் நாட்டிலேயே, 2024 கடைசியிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்துக் கிராமங்களில் சில நாட்களுக்குள் தலை வழுக்கையானதே, செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே பாதிக்கப்பட்டவர்களின் உடம்பில் செலினியம் அதிகமாக இருந்தது தெரியவந்து, சாப்பிட்ட கோதுமை மீது சந்தேகம் விழுந்தது. இந்தச் செலினியத்தைத்தான் முடிக்கான மாத்திரைகள் பலவற்றிலும் சேர்க்கிறார்கள். ஒரு டப்பாவில் இருக்கும் அளவு சரியாகவே இருக்கலாம். மல்டிவிட்டமின் ஒன்று, முடி மாத்திரை ஒன்று, அதோடு உடம்புக்கு நல்லது என்று தினம் கைநிறையச் செலினியம் நிறைந்த பிரேசில் நட்ஸ் என்று எல்லாம் சேரும்போது அளவு தாண்டிவிடும்.

விட்டமின் ஏயும் அப்படியே. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம். அதாவது லேபிளில் 10,000 ஐயூ என்று இருக்கும். மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் முடி கொட்டும், தோல் வறளும், ஈரலும் பாதிக்கப்படும். கேரட், முருங்கைக்கீரை சாப்பிட்டு இது வராது, பயப்படாதீர்கள். மாத்திரையிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் இருக்கும் நேரடி விட்டமின் ஏதான் பிரச்சினை. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் விட்டமின் ஏ இருக்கும் மல்டிவிட்டமினைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே குடும்பம்.

பயோட்டினுக்கு வருவோம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். நீங்கள் போடுவது 10,000. பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதனால் முடி கொட்டாது என்றாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அது ரொம்ப முக்கியம். ரத்தப் பரிசோதனைக் கருவிகள் பலவற்றின் வேதிவினையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தால் முடிவு தப்பாக வரும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்ஹெச் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 அதிகமாகவும் காட்டும். பார்க்கிற டாக்டர், தைராய்டு அதிகமாகிவிட்டது என்று நினைத்து உங்கள் மாத்திரையைக் குறைத்துவிடுவார். உண்மையில் உங்களுக்குத் தைராய்டு போதாமல் போகும், போதாவிட்டால் அதனாலேயே முடி கொட்டும். பயோட்டினை இன்னும் அதிகமாகப் போடுவீர்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகள், தசை பலத்துக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் பொடி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2009இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் செய்த ஒரு சின்ன ஆய்வில், வழுக்கையோடு தொடர்புடைய டிஹெச்டி ஹார்மோன் கூடியது. முடியை யாரும் அளக்கவில்லை. பயம் அங்கிருந்து கிளம்பியதுதான். 2025இல் வந்த 12 வார ஆய்வில் முடியையே அளந்து பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. தசை வளர டெஸ்டோஸ்டிரான் ஊசி, அனபாலிக் ஸ்டீராய்டு போடுவது வேறு. வழுக்கை வாகு உள்ளவர்களுக்கு அது வழுக்கையை வேகப்படுத்தும். முடி போவதோடு நிற்காமல் இதயத்தையும் பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

இனி சகோதரிக்கு நேரடியாக. புரோப்ரனலால் ஆரம்பித்து மூன்று மாதத்தில் கொட்டத் தொடங்கியிருக்கிறது. கணக்கு பொருந்துகிறது, அதனால் அது ஒரு காரணமாக இருக்கலாம். அதே நேரத்தில் காய்ச்சல் வந்ததா, எடை இறங்கியதா என்றும் யோசியுங்கள். மூன்று வருடமாக அளவு மாறாமல் சாப்பிடும் தைராய்டு மாத்திரை இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மல்டிவிட்டமினை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று எழுதவில்லை. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் காலையிலேயே போடுகிறீர்களா? அதில் இருக்கும் இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பயோட்டினை இன்றே நிறுத்தலாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நிறுத்தி இரண்டு மூன்று நாளாவது கழித்து டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பாருங்கள். தலைவலிக்குப் பார்க்கும் டாக்டரிடம் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எது எப்போது ஆரம்பித்தது என்று தேதியோடு. புரோப்ரனலாலை மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். காரணம் சரியானால் மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது அடங்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் சடை பழைய கனத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். நடுவில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து எரிந்தாலோ, காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள். ஃபெரிட்டின் எவ்வளவு இருந்தால் போதும் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள், அதை அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.