கலங்கிய குளத்தில் விரால்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தொழில் பஞ்சர் ஒட்டுவது. மீன் பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. அதைப் பற்றி ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போகிற குளத்தை விளக்கவே வேண்டாம். பாதி ஆகாயத்தாமரை, மீதியில் எருமை, தண்ணீர் பால் போட்ட டீ நிறம். அதுவும் ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம், மலையைத் தாண்ட முடியாத மேற்குக் காற்று முழுக்க நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. நாம் தூண்டிலை வடக்கே வீசினால் அது கிழக்கே போய் விழும்.

இப்படிப்பட்ட நாளில் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது என்று திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் போனவன்தான். என் தாய்மாமாதான் ஒருநாள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். "மாப்ளே, குளம் கெட்டுப்போனது உனக்கு. விராலுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு கேள்விதான். விரால் தண்ணீரில் உள்ள காற்றை மட்டும் நம்பி இருக்கிற மீன் இல்லை. தலைக்குள் காற்றைப் பிடித்துவைக்க அதற்குத் தனியாக ஓர் அறை உண்டு. மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்று குடித்துவிட்டுக் கீழே போகும். மேலே வர விடாமல் அமுக்கிவைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். பகலெல்லாம் மேகமூட்டம் போட்டிருந்த மறுநாள் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நேரத்திலும் விரால் தெம்பாக இருக்கும். அதனால் குளம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் விரால் மூச்சு விட மேலே வந்தே தீர வேண்டும். தண்ணீருக்குள் பார்க்க முடியவில்லையா, பரவாயில்லை, மூச்சைத் தேடுங்கள்.

ஆனால் ஆடிக் காற்றில் குளம் முழுக்க அலை. மூச்சுக் குமிழி எங்கே தெரியும்? இங்கேதான் மாமாவின் வித்தை. நாங்கள் எல்லாரும் மேற்குக் கரையடியில் உட்காருவோம், கரை உயரம், காற்று மேலோடு போய்விடும், உட்காரச் சுகம். மாமா கிழக்குக் கரைக்குப் போவார். மூஞ்சியில் காற்று, காலடியில் சேறு. குளத்து ஆகாயத்தாமரை எல்லாம் காற்றில் ஒதுங்கி அந்தப் பக்கம்தான் பாய் விரித்த மாதிரி கிடக்கும். பாய்க்கு அடியில் அலை இல்லை, நிழல் உண்டு, தவளை உண்டு. விரால் வேறு எங்கே போகும்?

மாமா தூண்டிலை வீசவே மாட்டார். குந்த வைத்து உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். காற்று எல்லா இலையையும் ஒரே பக்கமாகச் சாய்க்கும். திடீரென்று நடுவில் ஒரு தண்டு மட்டும் காற்றுக்கு எதிராக ஆடும். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், குழந்தை வாயிலிருந்து விரலை எடுத்த மாதிரி. அவ்வளவுதான். "அங்கதான் இருக்குது. இந்த பீடி முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வரும் பாரு" என்பார். பெரும்பாலும் வரும். பீடி சில நாள் இரண்டாகும், அது வேறு கதை.

ஒருநாள் அப்படிக் காட்டிக் கொடுத்து என்னை வீசச் சொன்னார். முள்ளில் ரப்பர் தவளை. அது அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்காக வந்த சாமான், பாசிக்கு மேலே சிக்காமல் இழுக்கலாம். கறுப்புத் தவளைதான் போட்டேன், கலங்கல் தண்ணீரில் கறுப்புதான் கீழிருந்து பார்க்க எடுப்பாகத் தெரியும். இலை மேல் போட்டு, இடுக்கில் இறக்கி, ரெண்டு தட்டு தட்டினேன். பாயே வெடித்த மாதிரி தண்ணீர் எழும்பியது. நான் பயந்துபோய் ஒரே வெட்டு வெட்டினேன். தவளை திரும்பிப் பறந்து வந்து என் நெற்றியில் அடித்தது.

"மாமா, போச்சுங்க."

"போகாம? அது வாயில வாங்கறதுக்குள்ள நீ புடுங்கிட்டே."

அன்றிலிருந்து, மீன் அடித்த பிறகு தூண்டில் நரம்பு கையில் கனக்கிற வரைக்கும் இழுப்பதில்லை. ஒரு மூச்சு பொறுக்கணும். பொறுப்பது கஷ்டம், இன்றைக்கும் எனக்குப் பத்தில் நாலு தவறுகிறது.

பாஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி என்று ஒரு விவசாயப் பையன். 1932 ஜூன் 2, மழை, உழ முடியாத ஈரம், சரி மீன் பிடிக்கலாம் என்று போனான். கிடைத்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் பத்து கிலோவுக்கு மேல். 2009-இல் ஜப்பானில் பிவா ஏரியில் ஒருவர் பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூட இருந்தது, அதனால் உலக சாதனையில் இரண்டும் சமம் என்று வைத்துவிட்டார்கள். பெரி அந்த மீனை என்ன செய்தான் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புக்கோ வறுவலுக்கோ, தின்றே தீர்த்தார்கள். நல்ல வெயிலும் வேலையும் இருந்திருந்தால் அவன் அன்றைக்கு ஏர் பின்னால்தான் போயிருப்பான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். தக்கை கட்டுவது, ஈயம் எவ்வளவு, எல்லாம் வைத்திருந்தேன், விடுங்கள். ஒன்று மட்டும். தண்ணீருக்கு மேலே செக்கச் செவேலென்று பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிக்கிற மாதிரி தெரிந்தால், மலையாளத்தில் பார்ப்பு என்பார்களே, அங்கே தூண்டில் போடாதீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும், எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சு முழுக்கக் கெண்டைக்கும் கொக்குக்கும்தான். இடவப்பாதி, அதாவது வைகாசிப் பாதியில் தொடங்குகிற பருவமழையின் முதல் மழையில் ஏறி வருகிற மீனை வழிமறிக்கிற ஊத்தபிடுத்தமும் கேரளாவில் சட்டப்படி தப்பு, நம் ஆட்களும் போகிறார்கள், தெரிந்தேதான்.

அப்புறம், விராலின் வழவழப்பு சோப்புக்கெல்லாம் போகாது. அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேயுங்கள். வணக்கம்.