கண்ணை மூடியவரும் எண்ணிப் பார்த்தவரும்

பாளையங்கோட்டை வாசகப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஊர் ஊராக, நாடு நாடாகத் துப்புத் தேடி அலையும் நாவல். அதுவும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நாவல். அப்படி ஒன்றை எழுத ஆசைப்படும் இளைஞர்கள் லண்டனில் கதையைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். முதல் அத்தியாயம் கல்லிடைக்குறிச்சியில் காத்திருக்கிறது.

1982-இல் அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலிலிருந்து நடராஜர் களவு போனார். 2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடம் அவரை விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பாதுகாத்து வைத்திருந்த பழைய கோயில் புகைப்படங்கள்தான் அவரை அடையாளம் காட்டின. 2019 செப்டம்பரில் திரும்பி வந்தார். கடல் கடந்து வந்தவர், தில்லியிலிருந்து சென்னைக்கு நம்மைப் போலவே ரயிலில் வந்தார்!

இதைக் கோபமாக எழுதினால் வாசகர் பத்துப் பக்கம் ‘உச்’ கொட்டிவிட்டு மூடி வைத்துவிடுவார். சிரிக்கச் சிரிக்க எழுதினால் கடைசிப் பக்கம் வரை அந்தச் சிலையைத் தேடிக்கொண்டு கூடவே வருவார்.

சரி, துப்பறிவது யார்? என் மனத்தில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அந்தக் கோயிலில் நாற்பது ஆண்டு தேவாரம் பாடிய ஓதுவார். இன்னொருவர் பத்தமடையில் பாய் நெய்யும் ஓர் உம்மா. கோயிலுக்குள் ஒரு நாளும் போகாதவர்.

போலீஸ்காரர் ஓதுவாரிடம் கேட்கிறார்: “சுவாமியைச் சுற்றியுள்ள திருவாசி வளையத்தில் எத்தனை சுடர்?” ஓதுவார் விழிக்கிறார். நாள் தவறாமல் சுவாமி முன் நின்றவர்தான். ஆனால் பாட வாயைத் திறந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்! எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்திருக்கிறது. பக்தி மிகுந்ததால் சாட்சி சொல்ல முடியாமல் போனவர்.

உம்மாவோ பாவு நூலை எண்ணி எண்ணியே வளர்ந்தவர். ஓர் இழை தப்பினாலும் அவர் விரல் கண்டுபிடித்துவிடும். சிலையை அடையாளம் காண வேண்டியதும் அந்தக் கண்தான். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு அதோடு போயிற்று. அதனால் ஒரு சிலையைப் போல் அச்சு அசலாக இன்னொன்று பிறப்பதில்லை. ஒரு சுடரின் வளைவும் விரலோரத்துச் சிறு பள்ளமும் கைரேகைக்குச் சமம்.

அடிலெய்டில் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றதும் ஓதுவார் பாடத் தொடங்கிவிடுகிறார். காவலர் ஓடி வருகிறார். உம்மா பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்: “அண்ணாச்சி, பாட்டை நிறுத்தாதீர்கள். அந்த ஆள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். எனக்கு இன்னும் எட்டுச் சுடர் எண்ண வேண்டும்.”

இந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் தாழ்த்தவில்லை. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நம் மண்ணில் இப்படிப்பட்ட சிநேகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைக் கதையில் பார்க்க நான் ஏங்குகிறேன்.

எழுத முன்வருபவருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாகத்தோடு முடித்துவிடாதீர்கள். நடராஜரோடு அன்று சிவகாமியம்மனும் களவு போனார். 2019-இல் வந்த அந்த ரயிலில் அம்மன் இல்லை.