பின்னேரம் வீட்டுக்குப் போகும் பிள்ளை

வணக்கம் நேயர்களே.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் முகாம்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு இப்போது உவர்மலையில் ஓய்வாக இருக்கிறேன். முகாம் என்றால் என்ன, அதன் நோக்கங்கள் எவை என்று தொடங்கினால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஒரேயொரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். அவள் என் மகளின் மகள். ஏழாம் தரம். இந்த ஆகஸ்ட் விடுமுறையில் திருகோணமலை நகரில் நடந்த இரண்டு வார முகாம் ஒன்றுக்குப் பகல் மாணவியாகப் போய் வந்தாள்.

பகல் மாணவி என்றால் காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்புகிறவள். வெருகல், மூதூர், புல்மோட்டை போன்ற தூரத்து ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கினார்கள். நகரப் பிள்ளைகளும் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளும் நாளாந்தம் வந்து போனார்கள். கிண்ணியாவிலிருந்தும் ஒரு பிள்ளை தினமும் வந்தாள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால் அது நடந்திருக்காது. அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்து நின்ற நேரத்தை அந்தக் காலத்தில் பயணித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை எங்கே படிக்கப் போகலாம் என்பதை எங்கள் மாவட்டத்தில் பாலமும் பஸ்ஸும் தீர்மானிக்கின்றன. இதை முகாம் நடத்துகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் பேத்திக்குச் சரியாகவே இருக்கவில்லை. வகுப்பில் குறையில்லை. நாடகம், கணிதப் புதிர், சித்திரம், விஞ்ஞானம் எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் விடுதிப் பிள்ளைகள் காலையில் வரும்போதே ஒரு சிரிப்போடு வருவார்கள். முதல்நாள் இரவு நடந்த ஏதோ ஒரு பகிடி. அதை இவளுக்கு விளக்கினால் அதில் சிரிப்பு இருக்காது. நாடகத்துக்கு யார் என்ன வேடம் என்பதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசி முடிந்துவிடும். ஒருநாள் புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றுகொண்டு சொன்னாள்: "எல்லாத்தையும் ராத்திரியே முடிவெடுத்திடுறாங்க அம்மம்மா. காலையில போனா எனக்கு ஒண்டும் விளங்குதில்லை."

அவளையும் விடுதியில் விட்டால் என்ன என்று என் மகள் யோசித்தாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்ததால்தான் இன்று இங்கே உட்கார்ந்து பேசுகிறேன்.

முகாமில் விஞ்ஞானத்துக்கு வந்த வளவாளர் ஒரு இளம் ரீச்சர். பகல் மாணவர்களிடம் மட்டும் அவர் ஒரு வேலை கொடுத்தார். நாளைக்கு வரும்போது உங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள், போத்தலில் இடத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள் என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மேசையில் திருக்கடலூர்த் தண்ணீர், அன்புவழிபுரத் தண்ணீர், சாம்பல்தீவுத் தண்ணீர், நிலாவெளித் தண்ணீர் என்று வரிசையாக நின்றன. பக்கத்தில் கடல்நீர் ஒரு போத்தல், கந்தளாயிலிருந்து வருகிற குழாய்நீர் ஒரு போத்தல். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டார்கள். தண்ணீரில் குளோரைட்டு இருந்தால் வெண்ணிற வீழ்படிவு வரும். கடல்நீர் தயிர் கட்டியதுபோல் வெளுத்தது. சில கிணற்று நீர் இலேசாகக் கலங்கியது. சிலது நன்றாகவே வெளுத்தது. அந்தக் கரைசல் தோலில் பட்டால் கறுத்துவிடும், நாலைந்து நாளைக்குப் போகாது. என் பேத்தியின் சுட்டுவிரலில் ஒரு பொட்டு. அதைக் கழுவப் பார்க்கவேயில்லை அவள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

இந்த இடத்தில்தான் முகாமின் போக்கு மாறியது. ஏன் ஒரு கிணறு உப்பு, பக்கத்துக் கிணறு நல்ல தண்ணீர் என்று விடுதிப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பதில் விடுதிக்குள் கிடைக்காது. வெளியே போய் மனிதரிடம் கேட்டால்தான் கிடைக்கும். அப்போ யார் போவது? பின்னேரம் வீட்டுக்குப் போகிறவர்கள்தானே. இரவில் விடுதிப் பிள்ளைகள் இருந்து கேள்விகளை எழுதினார்கள். கிணறு எத்தனை அடி ஆழம்? எப்போது வெட்டியது? மோட்டர் போட்டது எந்த வருடம்? எந்த மாதத்தில் தண்ணீர் உவர்க்கிறது? காலையில் அந்தத் தாளை இவளிடம் கொடுத்தார்கள். பின்னேரம் இவள் தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனாள்.

சில வீடுகளில் கிணற்றைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சில வீடுகளில் தேத்தண்ணீர் கொடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். வாளியால் அள்ளிய காலத்தில் இப்படி உவர்க்கவில்லை, மோட்டர் வந்த பிறகுதான் என்று பல வீடுகளில் ஒரே கதையைச் சொன்னார்கள். திருக்கடலூரில் வயதான மீனவர் ஒருவர் சொன்னதுதான் முக்கியமானது. கரைவலை இழுக்கிற காலத்தில் வாடியில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கடற்கரைக்குச் சற்று மேலே மணலைத் தோண்டுவார்களாம். "ரெண்டு முழம் தோண்டினா நல்ல தண்ணி வரும் மகள். ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டினா உப்புத்தான்" என்றாராம்.

அன்றிரவு பேத்தி நித்திரை கொள்ளவில்லை. கடலுக்குப் பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர், ஆழம் போனால் ஏன் உப்பு என்று என்னைப் போட்டு உலுப்பினாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. நாளைக்கு உன் ரீச்சரிடம் இதை அப்படியே சொல்லு, அந்த மீனவர் சொன்ன சொல்லை மாற்றாமல் சொல்லு என்றேன்.

அவள் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் அந்த நாளின் பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கரும்பலகையில் மணல் தரையின் குறுக்குவெட்டைக் கீறியிருக்கிறார். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் ஒரு கன மீற்றர் 1000 கிலோகிராம், கடல்நீர் ஏறக்குறைய 1025 கிலோகிராம். வித்தியாசம் 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40. அதாவது கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு அடி உயர நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டறிந்த கணக்கு இது. நிலத்துக்கு நிலம் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான். இப்போது திருப்பிப் பாருங்கள். மோட்டரால் இறைத்து நீர்மட்டத்தை அரை அடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து இருபது அடி நன்னீரை இழக்கிறோம். உப்பு மேலே ஏறுகிறது. எங்கள் பக்கத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரைதான். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நிலம் காய்ந்துவிடும். ஆவணியில் அந்த நன்னீர்ப் படை மெலிந்துதான் இருக்கும். பெரியவர் சொன்ன இரண்டு முழமும், வீடுவீடாகக் கேட்ட மோட்டர்க் கதையும் ஒரே படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஏழாம் தரப் பிள்ளை ஒருத்தி இதை எனக்கு விளக்கினாள். நான் எத்தனையோ வருடம் அடர்த்தி படிப்பித்திருக்கிறேன். எங்கள் கிணற்றை வைத்து அதை இப்படி விளங்கிக்கொண்ட பிள்ளையை எனக்குக் கிடைத்த வகுப்புகளில் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு காலையில் விடுதிப் பிள்ளைகள் படலையடியில் காத்து நின்றார்கள், நேற்று என்ன சொன்னாங்க என்று கேட்க. வெருகல் பிள்ளைகள் மகாவலிக் கரைத் தண்ணீரைப் பற்றித் தங்கள் வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். இரவுப் பகிடிகளும் தொடர்ந்தன. ஆனால் அவை இப்போது இவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, இதிலிருந்து நான் ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது என்ன? பகல் மாணவரை அரைவாசி மாணவராக எண்ணி நிகழ்ச்சியைப் போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் பின்னேரத்தையும் பாடத்துக்குள் எடுங்கள். முக்கியமான தீர்மானங்களைக் காலைக் கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். நாடக வேடம் யாருக்கு என்பதுகூட. நிகழ்ச்சி முடியும் நேரத்தைக் குச்சவெளி பஸ்ஸையும் கிண்ணியா பஸ்ஸையும் பார்த்து வையுங்கள். ஐந்து மணிக்கு முடித்துவிட்டு, ஓட்டோ பிடித்து வரட்டும் என்றால், வசதியுள்ள பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்பிள்ளையை இரவில் வெளியே தங்கவிட இன்னும் பல வீடுகளில் சம்மதிப்பதில்லை. அது சரியா பிழையா என்று வாதாடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வயது போய்விடும். தம்பி தங்கையைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுதிக் காசு கட்ட முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுக்குப் பகல் மாணவர் என்ற ஒரு வாசல்தான் இருக்கிறது. அதை அகலமாகத் திறந்து வைக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒன்று. முகாம் நடக்கிற அந்த இரண்டு வாரத்திலாவது பின்னேர டியூஷனை நிறுத்தி வையுங்கள். புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் எங்கும் ஓடிப்போகாது. இதற்கு எத்தனை புள்ளி என்று ஒரு தகப்பன் ரீச்சரிடம் கேட்டதைக் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டேன். பிள்ளை கேள்வியோடு வீட்டுக்கு வருகிற நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். படித்தவராக இருக்கத் தேவையில்லை. அந்த மீனவர் எந்தப் பாடநூலையும் புரட்டியிருக்க மாட்டார்.

முகாம் முடியும் தறுவாயில் ஒரு இரவைப் பகல் மாணவருக்கும் திறந்தார்கள். பாதுகாவலரோடு வரலாம் என்றார்கள். நானும் போனேன். உப்புவெளிக் கடற்கரையில் நட்சத்திரம் பார்த்தோம். தெற்கே விருச்சிகம் உயர நின்றது, அதன் நடுவில் கேட்டை சிவப்பாக. வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடினோம். திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருப்பதால் அது அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அந்த முட்டியின் உயரம்கூட இல்லை. புகாரில் மங்கலாகத்தான் தெரிந்தது. கிண்ணியாப் பிள்ளையும் அவளுடைய வாப்பாவும் முதலில் கண்டுபிடித்தார்கள்.

கிணற்று வேலை இன்னும் முடியவில்லை. மழை விட்ட பிறகு, தை மாதத்தில், அதே கிணறுகளில் மறுபடி தண்ணீர் எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். ஆவணிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இப்போது கையில் இருப்பதில் கடலோரக் கிணறுகள்தான் அதிகம். உள்ளே தள்ளியிருக்கிற கிணறுகள் குறைவு. கன்னியா, தம்பலகாமம் பக்கத்தில் இருக்கிற நேயர்களே, போத்தலும் தாளுமாக ஒரு பிள்ளை உங்கள் படலைக்கு வந்தால் தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். கிணறு எந்த வருடம் வெட்டியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.